படிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு

“கையெழுத்து வாங்கிட்டுத்தானம்மா பிள்ளைகள எடுத்தாங்க? சும்மாவா தூக்கிட்டுப் போனாங்க?”

இப்படிக் கேட்டவர் கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் இந்தக் கேள்வி இத்தனை மாதமாக என்னை விடாமல் அரிக்கிறது. சிட்னியின் மேற்குப் பகுதியில் முப்பது வருடத்துக்கு மேலாக இருப்பவர், எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், மாமா என்றுதான் கூப்பிடுவேன். என் இரண்டாவது பிரசவத்தின்போது பத்து நாளைக்கு அவர் வீட்டிலிருந்துதான் பூண்டுக் குழம்பும் ரசமும் வந்தன. ஜனவரி 26, ஆஸ்திரேலியா தின விடுமுறையில் அவர் வீட்டுக் கொல்லையில் ஏழெட்டுக் குடும்பங்கள் கூடியிருந்தோம். அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. உள்ளே தொலைக்காட்சியில் பூர்வகுடிகளின் ஊர்வலம் ஓடியது. நாடு கொண்டாடும் அந்த நாளை 1938-லேயே துக்க நாள் என்று சொல்லி சிட்னியில் கூடியவர்கள் அவர்கள். எங்கள் பிள்ளைகளை எடுப்பதை நிறுத்துங்கள் என்று ஒரு பாட்டி பதாகை பிடித்திருந்தார். பேச்சு அதிலிருந்து தொடங்கியது. குடி, உதவித்தொகை, பொறுப்பில்லாத பெற்றோர் என்று நம்மவர் கூட்டங்களில் வழக்கமாக வந்து விழுகிற சொற்களெல்லாம் விழுந்தன. கடைசியில் மாமா, பெரிய மனிதர் வழக்கை முடித்து வைப்பதுபோல, கையெழுத்தைக் கொண்டுவந்து வைத்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

வயதுக்கு மரியாதை என்று வீடு வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் என்னிடம் பதில் இல்லை. அரசு அதிகாரிகள் பூர்வகுடிக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளைப் பிடுங்கினார்கள் என்பது தெரியும். 2008 பிப்ரவரி 13-ஆம் தேதி பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதும் தெரியும். ஆனால் எப்படிப் பிடுங்கினார்கள் என்று கேட்டால், போலீஸ் வண்டி, அலறும் தாய், புதருக்குள் ஓடும் பிள்ளை என்ற ஒரு படம்தான் மனதில் இருந்தது. அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் மாமா சொல்வதுபோல ஒரு தாய் நிஜமாகவே கையெழுத்துப் போட்டிருந்தால்? அப்படி ஒரு காகிதம் எங்காவது இருந்தால்?

இருக்கிறது. தேடிப் போய்ப் படித்தேன்.

ஒப்புதல் படிவம்

அதற்கு முன் நான் படித்தது 1997-இல் வெளியான விசாரணை அறிக்கையை. மனித உரிமை ஆணையத்துக்காக ரொனால்ட் வில்சனும் மிக் டாட்சனும் நடத்திய விசாரணை அது. 535 பூர்வகுடி மக்கள் சாட்சி சொன்னார்கள். 1910-க்கும் 1970-க்கும் இடையில் பத்துக் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை பிரிக்கப்பட்டதாக அறிக்கை கணித்தது. அந்த வரம்பு எவ்வளவு அகலம் என்று பாருங்கள். எத்தனை பிள்ளைகளை எடுத்தோம் என்ற கணக்குக்கூட ஒழுங்காக வைக்கப்படவில்லை. ‘திருடப்பட்ட தலைமுறைகள்’ என்ற பெயரை 1981-இல் எழுதிப் பரவச் செய்த வரலாற்றாசிரியர் பீட்டர் ரீட், நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பூர்வகுடி வாரியத்தின் பதிவேடுகளைப் புரட்டியபோது, குழந்தையை எடுத்ததற்கான காரணம் என்ற இடத்தில் ‘பூர்வகுடியாக இருப்பதால்’ என்று மட்டும் எழுதிய பதிவுகளும் கண்ணில் பட்டன. இதுவே போதும் என்று தோன்றலாம். ஆனால் மாமாவின் கேள்விக்கு இது பதிலாகாது. அவர் கேட்டது கையெழுத்தைப் பற்றி.

அந்தக் காகிதம் ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்குள் இருந்தது. லோர்னா கியூபில்லோ, பீட்டர் கன்னர் என்ற இருவர் ஆஸ்திரேலிய அரசின் மேல் தொடுத்த வழக்கு, 2000 ஆகஸ்டில் தீர்ப்பானது. கியூபில்லோவை 1947-இல் வேறு பல குழந்தைகளோடு சேர்த்து லாரியில் ஏற்றி டார்வினில் உள்ள இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். கன்னர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வடகிழக்கே சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி யுடோபியா என்ற மாட்டுப் பண்ணையில் பிறந்தவர். 1956-இல், ஏழு வயதில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் திருச்சபை நடத்திய செயின்ட் மேரிஸ் விடுதியில் சேர்க்கப்பட்டார். அவர் தாயின் பெயர் தீர்ப்பில் இருக்கிறது. இறந்தவர் பெயரை உச்சரிக்காத வழக்கம் அங்கே பல குழுக்களில் உண்டு என்பதால் நான் அதை எழுதவில்லை. அரசுத் தரப்பு ஒரு காகிதத்தை நீட்டியது. தலைப்பு, பெற்றோரின் ஒப்புதல் படிவம். தட்டச்சு செய்த ஆங்கிலம். கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருவிரல் ரேகை.

படிவம் ‘நான்’ என்றுதான் தொடங்குகிறது. இன்னார் ஆகிய நான், சட்டத்தின்படி முழு இரத்தப் பூர்வகுடிப் பெண், யுடோபியாவில் வசிப்பவள், என் ஏழு வயது மகனைச் சட்டத்தின் நோக்கத்துக்காகப் பூர்வகுடி என்று அறிவிக்குமாறு பூர்வகுடி விவகார இயக்குநரை வேண்டிக்கொள்கிறேன். இந்த இடத்தை நான் மூன்று தடவை படித்தேன். பூர்வகுடித் தாய், தான் பெற்ற பிள்ளையைப் பூர்வகுடி என்று அறிவிக்கச் சொல்லி அரசாங்கத்தை ஏன் வேண்ட வேண்டும்? விடை சட்டத்தில் இருந்தது. 1953-இல் ஒரு திருத்தம் வந்து, வெள்ளைக்காரத் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகளைப் பொதுவாக அந்த வரையறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. வரையறைக்குள் இருந்தால்தான் இயக்குநர் பிள்ளைக்குக் காப்பாளர் ஆக முடியும். ஆகவே பையனைக் காகிதத்தில் பூர்வகுடி ஆக்கினார்கள், பூர்வகுடிகளிடமிருந்து எடுப்பதற்காக.

அடுத்த வரிகள் காரணங்கள். என் மகன் பகுதி ஐரோப்பிய இரத்தம் உடையவன், அவன் தந்தை ஓர் ஐரோப்பியர். ஏற்றுக்கொள்ளப்பட்ட ஐரோப்பியத் தரத்தில் அவனுக்குக் கல்வியும் பயிற்சியும் கிடைக்க விரும்புகிறேன். அவனுடைய சாதியின் காரணமாக அவனுக்கு அதில் உரிமை உண்டு.

சாதி. ஆங்கிலத்தில் நாம் எந்தச் சொல்லை எழுதுவோமோ அதே சொல். போர்த்துகீசியர் நம் கடற்கரையில் இறக்கிவிட்டுப் போன சொல், ஆங்கிலத்தில் புகுந்து, கப்பலேறி, நடு ஆஸ்திரேலியாவின் செம்மண் புழுதியில் ஏழு வயதுப் பையனின் நெற்றியில் ஒட்டியிருந்தது. அங்கே அதற்குப் பொருள் வேறு, நம் ஊரில் பொருள் வேறு, இரண்டையும் ஒன்றாக்க நான் வரவில்லை. ஆனாலும் பிறப்பைக் காட்டி ஒருவருக்கு உரிமை உண்டு என்று எழுதுகிற வரி, உரிமை இல்லாதவர் யார் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறது. படிப்புக்கு உரிமை பையனுக்கு, அப்பன் வெள்ளை என்பதால். தாய்க்கு இல்லை. பையனோடு மண்ணில் விளையாடிய, அவனைவிடக் கறுத்த பிள்ளைக்கும் இல்லை.

நீதிபதி அந்த ரேகையை ஏற்றுக்கொண்டார். தாயின் வேண்டுகோளின்படியோ, விவரம் அறிந்து அவர் தந்த சம்மதத்தின்படியோ பையன் போயிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். சாட்சி சொல்லவேண்டிய பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள், ஆவணங்கள் இல்லை. இருவரின் வழக்கும் தள்ளுபடியானது. மேல்முறையீடும் தோற்றது.

அப்பத்தாவின் பெருவிரல்

தீர்ப்பை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். நினைவுக்கு வந்தது என் அப்பத்தா.

தாத்தா இறந்த மறு வருடம், சொந்தத்தில் ஒருவர் அப்பத்தாவைப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். பட்டா மாற்ற வேண்டும், நீ வந்து கை வைத்தால் போதும் என்றார். எனக்கு எட்டு வயது, துணைக்கு நானும் போனேன். ஒரு மரப்பெஞ்சு, மைப்பெட்டி, அப்பத்தாவின் இடது கையைப் பிடித்து உருட்டி எடுத்த ஒருவர். எல்லாம் ஐந்து நிமிடம். வெளியே வந்ததும் அப்பத்தா விரலைத் தலைமுடியில் தேய்த்துத் துடைத்துக்கொண்டாள், எனக்குக் கமலா ஆரஞ்சு வாங்கித் தந்தாள். கிணற்றோடு சேர்ந்த நிலத்தின் மேல் தனக்கிருந்த பங்கை விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்பது அவளுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வகைக் காகிதத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். வளர்ந்தபின் அதன் நகலை வாங்கிப் படித்திருக்கிறேன். ‘எவருடைய வற்புறுத்தலும் தூண்டுதலும் இன்றி, என் முழு மனதுடன் எழுதிக்கொடுத்த’, ‘படிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு’. அப்பத்தா வாழ்நாளில் இப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை. ‘நான்’ என்று அந்தப் பத்திரத்தில் பேசுவது எங்கள் அப்பத்தா இல்லை. யாரோ எழுதிய ‘நான்’ அது, அவள் விரல் மட்டும் அவளுடையது.

நிலத்தையும் பிள்ளையையும் ஒப்பிடக் கூடாது. அப்பத்தாவுக்குப் போனது ஒரு ஏக்கருக்கும் குறைவான மண், அதற்கப்புறமும் அவள் பேரப்பிள்ளைகள் சூழத்தான் செத்தாள். நான் சொல்ல வருவது அந்த ‘நான்’ பற்றி. யுடோபியா பகுதியில் பேசப்படும் மொழிகள் அல்யவாரும் அன்மாஜெராவும். ‘ஏற்றுக்கொள்ளப்பட்ட ஐரோப்பியத் தரம்’ என்பதை அந்தத் தாய்க்கு யார், எந்த மொழியில், எந்தச் சொல்லைக்கொண்டு சொல்லியிருப்பார்? சொல்லியிருந்தாலும் ‘மாட்டேன்’ என்று அவர் சொல்ல ஒரு இடம் அந்தக் காகிதத்தில் எங்கே இருக்கிறது? என் மகளின் பள்ளியிலிருந்து வருடத்துக்கு ஏழெட்டு ஒப்புதல் படிவம் வருகிறது. உயிரியல் பூங்காவுக்கு, நீச்சலுக்கு, புகைப்படம் எடுக்க. எல்லாவற்றிலும் ‘சம்மதம்’, ‘சம்மதமில்லை’ என்று இரண்டு கட்டம் இருக்கிறது. ஒரு தடவை நான் சம்மதமில்லை என்று போட்டேன். எதுவும் ஆகவில்லை, ஆசிரியை சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். யுடோபியா படிவத்தில் கட்டமே இல்லை.

ஒரே வாக்கியம்

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், சம்மதம் என்ற பேச்சே அங்கே எவ்வளவு வெறுமையானது என்று தெரிகிறது. யுடோபியா இருக்கும் வடக்குப் பிரதேசத்தின் 1918-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தாயோ உறவினரோ உயிரோடு இருந்தாலும், பூர்வகுடிக் குழந்தையின் சட்டபூர்வக் காப்பாளர் தலைமைப் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரிதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் இது 1905-லேயே வந்துவிட்டது. நியூ சவுத் வேல்ஸில் 1915-க்குப் பிறகு பிள்ளையை எடுக்க வாரியம் எந்த நீதிமன்றத்தின் முன்னும் நிற்க வேண்டியதில்லை. பெற்றவள் காப்பாளர் இல்லை என்று சட்டம் எழுதியபின் அவளிடம் எதற்குச் சம்மதம்?

மேற்கு ஆஸ்திரேலியாவில் அந்தப் பதவியில் 1915 முதல் கால் நூற்றாண்டு இருந்தவர் ஏ. ஓ. நெவில். அதற்கு முன் அவர் பார்த்த வேலை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த மாநிலத்தின் குடியேற்றத் துறை. பிரிட்டனிலிருந்து வெள்ளைக் குடும்பங்களை வரவழைத்துக் குடியமர்த்திக்கொண்டிருந்தவரைத்தான் பிறகு பூர்வகுடிகளின் பாதுகாவலராக உட்கார வைத்தார்கள். 1937-இல் கான்பெராவில் மாநில அதிகாரிகள் கூடிய மாநாட்டில் அவர் கேட்டார்: இந்த நாட்டில் பத்து லட்சம் கறுப்பர்கள் இருக்கப் போகிறார்களா, அல்லது அவர்களை வெள்ளைச் சமூகத்தில் கரைத்து, இங்கே பூர்வகுடி என்று யாரும் இருந்ததையே மறந்துவிடப் போகிறோமா? முழு இரத்தம் அல்லாதவர்களின் விதி வெள்ளையரோடு கரைவதில்தான் இருக்கிறது என்று மாநாடு தீர்மானமும் போட்டது. வெளுத்த பிள்ளைகளை முதலில் எடுத்ததன் காரணம் இதுதான். பசியோ, நோயோ, தாய் குடித்தாளா என்பதோ இரண்டாம் பட்சம், பல நேரம் அது கேட்கப்படவே இல்லை. விசாரணையில் ஒருவர் சொன்ன சாட்சி என்னைத் தூங்க விடவில்லை. 1930-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் குழந்தையாக இருந்தவர் அவர். காலையில் பெரியவர்கள் அடுப்புக்கரியை இடித்து, விலங்குக் கொழுப்பில் குழைத்து, பிள்ளைகள் உடம்பெங்கும் பூசுவார்களாம், போலீஸ் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாப் பிள்ளையும் கறுப்பாகத் தெரியட்டும் என்று. நான் என் மகளுக்கு நிறம் வரட்டும் என்று ஊரிலிருந்து வந்த பாசிப்பயற்று மாவைத் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறேன். அதன்பின் அந்த டப்பாவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

மாமாவுக்குத் தெரியாதது, எனக்கும் அதுவரை தெரியாதது இன்னொன்று. 1901-இல் நாடு ஒன்றானவுடன் முதல் நாடாளுமன்றம் வெள்ளையர் அல்லாதவர் வராமல் தடுக்கக் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டது. வேண்டாதவர் வந்திறங்கினால், அதிகாரி தேர்ந்தெடுக்கும் ஏதோ ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொல் எழுதச் சொல்வார்கள். தமிழனுக்கு ஆங்கிலம் தெரியுமென்றால் வேறு மொழியில் கொடுக்கலாம். மறு வருடம் வந்த வாக்குரிமைச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: ஆஸ்திரேலியா, ஆசியா, ஆப்பிரிக்கா, நியூசிலாந்து நீங்கலான பசிபிக் தீவுகள், இவற்றின் பூர்வீகக்குடி எவரும் வாக்காளர் பட்டியலில் இடம்பெற உரிமை இல்லாதவர். மாமாவின் தாத்தா காலத்தில் யாராவது இங்கே வந்திருந்தால் அவரையும், யுடோபியாத் தாயின் முன்னோரையும் நாடாளுமன்றம் ஒரே வாக்கியத்தில், நடுவில் வேறு சொல்கூட இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது. வெள்ளையர் மட்டும் வரலாம் என்ற அந்தக் கொள்கை 1966-இல் தளர்ந்து 1973-இல் ஒழிந்ததால்தான் மாமா பொறியாளராக வந்தார், பின்னால் நான் வந்தேன். வந்து, வீடு வாங்கி, கொல்லையில் கோழி சுட்டுக்கொண்டு, ‘இவங்க’ என்று பேசக் கற்றுக்கொண்டோம். அந்தச் சொல்லை நமக்கு இங்கே யாரும் பாடமெடுக்கவில்லை. ஊரிலிருந்தே கொண்டுவந்தோம், இறக்கி வைக்க ஓர் ஆள் தேடினோம்.

எழுதத் தெரிந்த தாய்

மே மாதம் 26-ஆம் தேதி, அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நாள், ஒவ்வொரு வருடமும் இங்கே வருத்த நாளாக நினைக்கப்படுகிறது. இந்த வருடம் அதற்கடுத்த சனிக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை காபி கலந்துகொண்டிருந்தார். நான் ரேகை பற்றிச் சொன்னேன். படிவத்தின் வரிகளைத் தமிழில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “சரிம்மா, படிக்காத பொம்பளை. ஏமாத்தியிருப்பாங்க. எழுதப் படிக்கத் தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பாள்ல? அதுக்குத்தான் படிப்பு வேணுங்கிறது.”

அப்போதுதான் இன்னொரு தாயைப் பற்றிச் சொன்னேன். தெற்கு ஆஸ்திரேலியாவில் கூராங் கடற்கழிப் பக்கம் வாழ்ந்தவர். 1957 கிறிஸ்துமஸ் அன்று அவருடைய பதின்மூன்று மாதக் குழந்தை புரூஸ் ட்ரெவோரோவுக்கு வயிற்றுக்கோளாறு. குடும்பத்திடம் கார் இல்லை. தகப்பன் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி அடிலெய்டு குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பினார். பெற்றோர் இல்லை, கவனிப்பாரற்ற குழந்தை என்று அங்கே குறிப்பு எழுதப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியம் குழந்தையை ஒரு வெள்ளைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டது. அப்படிக் கொடுக்க வாரியத்துக்குச் சட்ட அதிகாரம் இல்லை என்று அரசு வழக்கறிஞர் முன்னமே சொல்லியிருந்தார். தாய்க்கு எழுதத் தெரியும். 1958-இல் வாரியத்துக்குக் கடிதம் போட்டார். குழந்தை எப்படி இருக்கிறான், எப்போது வீட்டுக்குக் கூட்டி வரலாம், எனக்கு அங்கே ஒரு குழந்தை இருப்பதை நான் மறக்கவில்லை என்று. வாரியம் பதில் போட்டது: குழந்தை நன்றாகத் தேறி வருகிறான், ஆனால் வீட்டுக்கு அனுப்பும் அளவுக்குக் குணமாகவில்லை என்று மருத்துவர் கருதுகிறார். அப்போது குழந்தை மருத்துவமனையிலேயே இல்லை. மகன் தாயிடம் வந்தபோது அவனுக்குப் பத்து வயது. தகப்பன் அதற்குள் இறந்துவிட்டார். 2007-இல் புரூஸ், மாநில அரசின் மேல் தொடுத்த வழக்கில் வென்று 5,25,000 டாலர் இழப்பீடு பெற்றார், அப்படி வென்ற முதல் ஆள் அவர்தான். மறு வருடம் இறந்துபோனார்.

“அது அந்தக் காலம்மா,” என்றார் மாமா. குரலில் முந்தைய உறுதி இல்லை.

1997 அறிக்கை வந்தபோது வீட்டைப் பிரிந்து அரசுப் பராமரிப்பில் இருந்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்று பூர்வகுடிக் குழந்தை என்றும், இன்று அது 40 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்றும் சொன்னேன். குழந்தைத் தொகையில் அவர்கள் 6 விழுக்காடு அளவுதான். அந்தப் பதாகைப் பாட்டியைப் போன்றவர்கள் 2014-இல் குனடா ஊரில் தொடங்கிய இயக்கம் இன்னும் தெருவில் நிற்பது இதனால்தான் என்றேன். எண்கள் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. எண்களால் எனக்கும் எதுவும் ஏறவில்லை, விரலால்தான் ஏறியது. அதனால் வேறொன்று கேட்டேன்.

“மாமா, 1957 கிறிஸ்துமஸ் அப்ப உங்களுக்கு என்ன வயசு?”

அவர் கணக்குப் போட்டார். “ஐம்பத்தாறு ஐப்பசியில பொறந்தேன். ஒரு வயசு முடிஞ்சிருக்கும்.”

“வயித்தால போயி பெரியாஸ்பத்திரியில கெடந்ததச் சொல்வீங்களே,” என்றார் அத்தை அடுப்படியிலிருந்து. “ஒங்கம்மா வராண்டாவுலயே பன்னெண்டு நாள் படுத்திருந்தாங்கன்னு.”

மாமா பதில் சொல்லவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மேஜை மேலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினார்.

“அந்தப் பொண்ணு எழுதின லெட்டர் இருக்குன்னியே. அதக் காட்டு.”